கடைசியில் வருபவனின் வேகம்

பலர் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மலைப்பாதையில் நடக்கிறார்கள். அவர்களுள் சிலர் வலிமை மிக்கவர்கள், பலர் நடுத்தரமானவர்கள், ஒருவன் மட்டும் பலம் குன்றியவன். இந்த நடையின் வேகத்தை யார் நிர்ணயிக்க வேண்டும்? வலியவன் நிர்ணயித்தால் மெலியவன் பின்தங்கிவிடுவான். மெலியவன் நிர்ணயித்தால் வலியவனின் ஆற்றல் பாதி பயன்படாமலே போய்விடும். நடுத்தரமான ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலோ, முன்னவனுக்கு மனக்குறை, பின்னவனுக்கு மூச்சுத்திணறல், இருவருக்கும் நன்மையில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் இது மிகச் சிறிய கேள்வி. ஆனால் குடும்பம், வகுப்பறை, அலுவலகம், நாடு என்று மனிதர்கள் கூடி வாழும் இடங்களிலெல்லாம் இதே கேள்விதான் வெவ்வேறு உடைகளில் வந்து நிற்கிறது. தன் திறமையை முழுமையாக வளர்த்துக்கொள்வது தர்மமா, அல்லது உடன் வருபவனுக்காக அதை அடக்கிக்கொள்வது தர்மமா? இரண்டும் தர்மம் என்றால், இரண்டும் மோதும்போது எதை விடுவது? சாரணச் சிறுவர்கள் கோடைக் காலத்தில் மேற்கொள்ளும் ஒரு நாள் நடைப்பயணத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைச் சற்று ஆழ்ந்து சிந்திப்போம்.

அணியும் அதன் தலைவனும்

1907-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய பிரௌன்ஸீ என்னும் சிறு தீவில் பேடன் பவல் சிறுவர்களுக்கான ஒரு முகாமை நடத்தினார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்து தங்கினார்கள். அவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனே தலைவனாக்கப்பட்டான். சாரணர் இயக்கம் என்று உலகெங்கும் பரவிய பணியின் வித்து அதுவே.

இந்தியாவிற்கு அவ்வியக்கம் 1909-இல் வந்தது. ஆனால் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடம் அளிக்கப்படவில்லை. 1917-இல் அன்னிபெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். ஏறக்குறைய அதே காலத்தில் வடநாட்டில் பண்டித மதன்மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதியின் சாரணர் அமைப்பை உருவாக்கினார்கள். விடுதலைக்குப் பின், 1950-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், பிரிந்து கிடந்த சங்கங்கள் இணைந்து பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அதன் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில், சாத்புரா மலைத்தொடரில் உள்ள பச்மரியில் இருக்கிறது.

இவ்வியக்கத்தின் கல்விமுறையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஆறு முதல் எட்டுச் சிறுவர்கள் கொண்ட அணியே அதன் அடிப்படை. படிநிலைகளுக்குச் 'சோபானம்' என்றே பெயர். படிக்கட்டு என்பது அச்சொல்லின் பொருள். விதிகள் ஒன்பது. அவற்றுள் மூன்றாவது நட்பையும் சகோதரத்துவத்தையும் கூறுகிறது. ஏழாவது தைரியத்தைக் கூறுகிறது. தைரியசாலியாகவும் இரு, சகோதரனாகவும் இரு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது எளிது. வெயில் கொளுத்தும் மலைச்சரிவில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும்போதுதான் சிரமம் தெரியும்.

வெயிலில் நடக்கும் உடல்

அறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உடலைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். ஏனெனில், இங்கே தவறான முடிவுகள் பல உடலை அறியாமையிலிருந்தே பிறக்கின்றன.

நடக்க ஆகும் நேரத்தை மதிப்பிட நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஓர் எளிய கணக்கைத் தந்தார். ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அத்துடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம். இதன்படி 15 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு நான்கு மணி நேரம் ஆகும். ஆனால் இது நல்ல உடற்பயிற்சி உள்ள ஒருவர், மிதமான தட்பவெப்பத்தில், ஓய்வின்றி நடப்பதற்கான கணக்கு. பள்ளிச் சிறுவர்களுக்கு, மே மாத வெயிலில், முதுகில் சுமையுடன் இது பொருந்தாது.

வெயிலில் உழைக்கும் உடல் வியர்வையின் மூலமே தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடும் நடையில் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறிவிடக்கூடும்; அதனுடன் உப்பும் போகும். தாகம் என்னும் எச்சரிக்கையோ தாமதமாகவே வந்து சேர்கிறது. முதலில் தலைவலி, தசைப்பிடிப்பு, காரணமற்ற எரிச்சல். பிறகு குமட்டல், தள்ளாட்டம். இந்நிலையில் நிழலில் படுக்கவைத்து, உடலை நனைத்து விசிறி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடலாம். ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு கரண்டி உப்பும் தட்டிச் சமன்செய்து கலப்பது எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய அளவு. இதையும் கடந்து உடலின் உட்புற வெப்பம் 40 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறி, பேச்சுக் குழறி, சிந்தை தடுமாறினால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து. அப்போது உடலை உடனடியாகக் குளிர்விப்பதும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதுமே வழி.

இதில் அறநோக்கில் முக்கியமான ஒரு செய்தி அடங்கியிருக்கிறது. மனவுறுதி இந்த ஆபத்தைத் தடுப்பதில்லை. பல சமயம் அதை வளர்த்துவிடுகிறது. உறுதியற்றவன் தலைவலி வந்தவுடனே உட்கார்ந்துவிடுவான், பிழைத்துக்கொள்வான். பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பவனே எல்லையைத் தாண்டுகிறான்.

வரிசையில் ஓர் அநீதி

குழுவாக நடக்கும்போது பலவீனமானவன் இயல்பாகவே கடைசிக்கு வந்துவிடுகிறான். யாரும் அவனைத் தள்ளுவதில்லை. அவரவர் வேகத்தில் நடந்தால் வரிசை தானாகவே அப்படி அமைந்துவிடுகிறது. முன்னே சென்றவர்கள் ஒரு மரநிழலில் அமர்ந்து பின்னால் வருபவனுக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து அவன் மூச்சிரைக்க வந்து சேர்கிறான். "வந்துவிட்டான், புறப்படலாம்" என்று அவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு. அவனுக்கு ஒரு நிமிடமும் இல்லை. ஓய்வு யாருக்கு மிகவும் தேவையோ அவனுக்கே அது கிடைக்காமல் போகிறது. இத்தனைக்கும் அவர்கள் தங்களைப் பொறுமைசாலிகள் என்றே எண்ணிக்கொள்கிறார்கள்! 'உனக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தோம்!' என்று குறையும் சொல்கிறார்கள்.

கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாதவர்களின் நடுவிலும், வெறும் ஏற்பாட்டின் குறையினாலேயே அநீதி விளையக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சமுதாயத்தில் நாம் காணும் பல ஏற்றத்தாழ்வுகளும் இத்தகையவையே.

எலியாஹு கோல்ட்ராட் என்பவர் 1984-இல் வெளியிட்ட, தொழிற்சாலை நிர்வாகம் பற்றிய 'தி கோல்' என்னும் நாவலில் இத்தகைய சாரணர் நடைப்பயணம் ஒன்று வருகிறது. அதில் ஹெர்பி என்ற சிறுவனே மிக மெதுவாக நடப்பவன். அவனை வரிசையின் முன்னே நிறுத்தி, அவனுடைய பையில் இருந்த சுமையை மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததும் குழு முழுவதும் சிதறாமல், முன்னைவிட விரைவாகச் செல்கிறது. மிக மெதுவான கண்ணியே சங்கிலியின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்பது அந்நூல் தரும் பாடம். அது நல்ல பாடமே. ஆனால் மெலியவனை முன்னிறுத்தினால் குழுவின் வேகம் கூடும் என்பதற்காக மட்டும் அவனை முன்னிறுத்தினால், வேகம் கூடாத இடத்தில் அவனை என்ன செய்வது? நிர்வாக இயலின் விடை அங்கே முடிந்துவிடுகிறது. அறவியலின் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் அணித்தலைவனின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத்தில், சமவெளியிலுள்ள ஒரு பள்ளியின் சாரணச் சிறுவர்களுடன் பச்மரியில் ஒரு நாள் நடந்து செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பச்மரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே, மணற்கல் பாறைகளும் சால் மரக் காடுகளும் சூழ அமைந்த ஊர். சிறுவர்களின் இலக்கு சௌராகர் சிகரம். 1,300 மீட்டரைத் தாண்டும் அச்சிகரத்தில் ஒரு சிவாலயம் உண்டு. வேண்டுதல் நிறைவேறிய அன்பர்கள் மகாசிவராத்திரியின்போது திரிசூலங்களைத் தோளில் சுமந்து ஏறி அங்கே காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கான திரிசூலங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. பள்ளத்தாக்கில் இறங்கியும் ஏறியும் செல்லும் பாதை. இறுதியில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள்.

விடியற்காலையில் புறப்பட்டோம். ஓர் அணியின் தலைவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். மிக்க உடல்வலிமை உடையவன். தன் பாட்டி நேர்ந்துகொண்ட ஒரு சிறிய திரிசூலத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தான். அவனுடைய அணியில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன். முதல் இரண்டு மணி நேரம் எல்லோரையும்விட அதிகமாகப் பேசிக்கொண்டு வந்தவன் அவனே. படிகள் தொடங்கியபின் அவனது பேச்சு நின்றுவிட்டது. அதை முதலில் கவனித்தவன் அவனுக்குப் பக்கத்தில் நடந்த மற்றொரு சிறுவன். கேட்டால், "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றே பதில் வந்தது. சிகரத்தின் கொடி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அவன் படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

சாரண ஆசிரியர் ஒருவரே உடன் வந்திருந்தார். பாறை நிழலில் அவனைப் படுக்கவைத்தார்கள்; சட்டையை நனைத்தார்கள்; உப்புச் சர்க்கரை நீர் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது. ஆனால் மேலே ஏறுவதற்கில்லை. பதினொரு மணிக்குள் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று ஆசிரியர் புறப்படும்போதே அறிவித்திருந்தார். அந்த நேரமும் நெருங்கிவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். திரிசூலமும் பையிலேயே திரும்பியது.

அன்று இரவு கூடாரத்தின் வெளியே அந்த அணித்தலைவன் என்னிடம் வந்து அமர்ந்தான். "சுவாமிஜி, நான் மூன்று மாதம் தினமும் ஓடிப் பயிற்சி செய்தேன். அவன் ஒரு நாளும் பயிற்சிக்கு வரவில்லை. அவனுக்காக நான் ஏன் சிகரத்தை இழக்க வேண்டும்? பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டான். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அச்சிறுவனை நெடுந்தூரம் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்தவனும் அவனே. ஆதலால் அவனைச் சுயநலக்காரன் என்று ஒதுக்கிவிட முடியாது. அவன் கேட்டது நியாயமான கேள்வி.

போதாத மூன்று விடைகள்

இக்கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடைகள் மூன்று.

'பாவம், அவன் சிறுவன். இரக்கம் காட்ட வேண்டும்' என்பது முதல் விடை. இரக்கம் உயர்ந்த குணமே. ஆயினும் இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது. 'உன்மீது இரங்கி நாங்கள் சிகரத்தை விட்டுக்கொடுத்தோம்' என்றால் அச்சிறுவன் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டவனாகிவிடுகிறான். உதவியைப் பெற்றவன் குனிந்து நிற்கும்படி செய்யும் உதவி முழுமையானதன்று.

'இன்று அவனுக்கு நீ. நாளை உனக்கு அவன்' என்பது இரண்டாவது விடை. இது ஒப்பந்தத்தின் மொழி. அணித்தலைவன் இதை எளிதில் மறுத்துவிடலாம்: 'நான் பயிற்சி செய்கிறேன், எனக்கு அந்த நிலை வராது.' உண்மையிலேயே சிலருக்கு அந்த நிலை வராமலும் போகலாம். திரும்பப் பெறும் வாய்ப்பை அடித்தளமாகக் கொண்ட அறம், அந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் இடிந்து விழும்.

'விதி அப்படி, பதினொரு மணிக்குத் திரும்ப வேண்டும்' என்பது மூன்றாவது விடை. விதி தேவையானது. களைத்த மூளை சரியாக முடிவெடுக்காது என்பதால், தெளிந்த மூளை முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவுதான் விதி. ஆனால் விதி என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறதே தவிர, அதைச் செய்யும்போது உள்ளம் எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மனத்தில் கசப்புடன் இறங்கியவனும், அன்புடன் இறங்கியவனும் விதியின் கண்ணுக்கு ஒன்றே.

தர்மபுத்திரரின் கடைசி நடை

பச்மரியில் ஐந்து குகைகள் உள்ளன. பாண்டவர்கள் வனவாசத்தின்போது அங்கே தங்கியதாக மக்கள் நம்புகிறார்கள். ஊரின் பெயரும் ஐந்து குகைகளிலிருந்தே வந்தது என்பார்கள். ஆகவே அச்சிறுவனிடம் பாண்டவர்களின் கடைசி மலைப்பயணத்தைப் பற்றியே பேசினேன்.

மகாபாரதத்தின் மகாபிரஸ்தானிக பர்வத்தில் ஐவரும் திரௌபதியும் அனைத்தையும் துறந்து இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். ஒரு நாயும் உடன் வருகிறது. வழியில் திரௌபதி விழுகிறாள். பிறகு சகாதேவன், நகுலன், அர்ஜுனன், பீமன் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். யுதிஷ்டிரர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். பின்னர் இந்திரன் தேருடன் வந்து அவரைச் சொர்க்கத்திற்கு அழைக்கிறான். நாயை மட்டும் விட்டுவிடச் சொல்கிறான். அவர் மறுத்துவிடுகிறார். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சொர்க்கம் தமக்கு வேண்டாம் என்கிறார்.

இங்கே எவருக்கும் ஓர் ஐயம் எழும், இந்திரனுக்கே எழுகிறது. தம்பியரையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவர் ஒரு நாயை விட மறுப்பது என்ன நியாயம்? யுதிஷ்டிரர் கூறும் விடையின் சாரம் இதுவே: அவர்கள் இறந்துவிட்டார்கள், இறந்தவர்களை உயிர்ப்பிக்க என்னால் முடியாது, அதனால்தான் விட்டு வந்தேன். உயிருடன் இருந்தபோது அவர்களை நான் கைவிடவில்லை. இந்த நாயோ உயிருடன் இருக்கிறது. என்னை நம்பி வந்திருக்கிறது.

என்ன துல்லியமான பகுப்பு! நம்மால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லாத இடத்தில் பற்றை விட்டு நடப்பது வைராக்கியம். நம்மால் ஆகக்கூடியது ஏதேனும் இருக்கும் இடத்தில் விட்டு நடந்தால் அதன் பெயர் கைவிடுதல். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் ஒருவர் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். வைராக்கியத்தின் பெயரால் கைவிடுவதை நியாயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து ஆன்மிக வாழ்வில் உள்ளவர்களுக்கே அதிகம்.

கதை இத்துடன் முடியவில்லை. சொர்க்கத்தில் தம்பியரைக் காணாத யுதிஷ்டிரர் அவர்களைத் தேடி நரகத்திற்கு அழைத்துச் செல்லப்படுகிறார். அங்கே துன்புறுவோரின் குரல்கள், 'நீங்கள் இங்கே நின்றால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. சிறிது நேரம் நில்லுங்கள்' என்ற பொருளில் அவரை வேண்டுகின்றன. அவை தம் சகோதரர்களின் குரல்கள் என்று அறிந்ததும், அவர் அங்கேயே தங்கிவிட முடிவு செய்கிறார். அவரால் அவர்களுடைய துன்பத்தை நீக்க முடியவில்லை. உடன் நிற்க முடிந்தது. உடன் நிற்பதே ஓர் உதவி என்பதை இதைவிட ஆழமாக எவர் கூறிவிட முடியும்?

ஒரு வேறுபாட்டையும் இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். மகாபிரஸ்தானம் திரும்பி வராத பயணம். சாரணர்களின் நடை திரும்பி வர வேண்டிய பயணம். சிகரம் அதன் பாதி வழி மட்டுமே. திரும்பும் வழிக்கான ஆற்றலையும் நீரையும் ஏறும்போதே செலவழித்துவிடுவது வீரம் ஆகாது.

அணித்தலைவனின் கேள்விக்கு இப்போது விடை காணலாம். சிகரத்தை அவன் இழந்தான் என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. இழப்பை இழப்பு என்று ஒப்புக்கொள்ளாத ஆறுதல் பொய்யானது. ஆனால் அவன் அன்று தனியே ஏறப் புறப்படவில்லை, அணியாகப் புறப்பட்டான். 'நாம்' என்று சொல்லிப் புறப்பட்டவன், வழியில் 'நான்' என்று மாற்றிக்கொள்ள முடியாது. சிறுவனை விட்டுவிட்டு அவன் சிகரத்தை அடைந்திருந்தால், அணியின் பயணம் நிறைவேறியிருக்காது, அணி கலைந்திருக்கும். சிறுவனுக்கு அவன் செய்தது இரக்கமோ பண்டமாற்றோ அன்று. புறப்படும்போது தானே கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், அவ்வளவே. வாக்கைக் காப்பாற்றியவனுக்கு எதிரில் யாரும் கடன்பட்டவராகக் குனிய வேண்டியதில்லை. அந்தத் திரிசூலத்தைச் சுமந்து ஏற மற்றொரு நாள் உண்டு.

பின்தங்குபவனின் கடமை

வலியவனின் கடமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்துவது மெலியவனை அவமதிப்பதாகும். கடமையே இல்லாதவன் என்று ஒருவனைக் கருதுவது, அவனை முழு மனிதனாகக் கருதாமையே.

அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தலைவலி தொடங்கியபோதே சொல்லியிருந்தால் நிழலில் கால்மணி நேர ஓய்வு போதுமானதாக இருந்திருக்கலாம். அவன் சொல்லவில்லை, சோம்பலால் அன்று, மற்றவர்களைத் தாமதப்படுத்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தாலும் வெட்கத்தாலும். அவன் அதைச் சகிப்புத்தன்மை என்று எண்ணியிருக்கலாம். நம் சாஸ்திரங்கள் திதிக்ஷை என்ற குணத்தைப் போற்றுகின்றன. ஆதிசங்கரர் இயற்றியதாக மரபு கூறும் விவேகசூடாமணி அதைத் துன்பத்திற்குப் பரிகாரம் தேடாமல், கவலையும் புலம்பலும் இன்றிச் சகித்துக்கொள்வது என்ற பொருளில் வரையறுக்கிறது. அப்படியானால் சிறுவனின் மௌனம் திதிக்ஷைதானே என்று கேட்கலாம்.

அன்று. அந்த வரையறை, தன் உடலின் சுகதுக்கங்களிலிருந்து மனத்தை விடுவிக்க முயலும் சாதகனுக்கு உரியது. அங்கே விளைவு அவனை மட்டுமே சாரும். ஓர் அணியில் நடப்பவனின் உடலோ அவனுக்கு மட்டும் சொந்தமானதன்று. அவன் விழுந்தால் எழுவர் அவனைச் சுமக்க வேண்டும். அங்கே வலியை மறைப்பது மற்றவர்களிடமிருந்து உண்மையை மறைப்பதாகும். மேலும், அச்சிறுவன் கவலையின்றிச் சகிக்கவில்லை. கேலிக்கு அஞ்சிச் சகித்தான். வெளியே பொறுமை, உள்ளே அச்சம் என்றால் அதைத் திதிக்ஷை என்று சொல்வதற்கில்லை.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தவத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பலனை விரும்பாமல் சிரத்தையுடன் செய்வது சாத்விகம். பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காகச் செய்வது ராஜசம். மூடப் பிடிவாதத்தால் தன்னைத் துன்புறுத்திக்கொண்டு செய்வது தாமசம். மலையேறும் ஒவ்வொருவரும் இந்த அளவுகோலைத் தம்மீது வைத்துப் பார்க்கலாம். வெயிலும் வியர்வையும் மூவருக்கும் ஒன்றே. ஏறுகின்ற மனம் ஒன்றன்று.

ஆகவே பின்தங்குபவனின் கடமை உண்மை பேசுதல். 'எனக்கு முடியவில்லை' என்று உரிய நேரத்தில் சொல்வதற்கு, சிகரம் ஏறுவதைவிட அதிகத் துணிவு வேண்டும். அவ்வாறு சொன்னால் கேலி செய்ய மாட்டோம் என்ற நம்பிக்கையை முன்கூட்டியே அளிப்பது மற்றவர்களின் கடமை.

ஆற்றல் வீணாகிறதா?

இன்னும் ஒரு மறுப்பு எஞ்சியிருக்கிறது. எப்போதும் கடைசியில் வருபவனின் வேகத்திலேயே நடந்தால், ஆற்றல் மிக்கவர்கள் எப்போது வளர்வார்கள்? உயர்ந்தவர்களைத் தாழ்த்திச் சமன்செய்வது நீதியா?

இதற்கு அரிஸ்டாட்டிலின் ஓர் எடுத்துக்காட்டு உதவுகிறது. நடுநிலை என்பது எண்கணித நடுவன்று என்று விளக்கும்போது, மைலோ என்ற புகழ்பெற்ற மல்லனுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்கும் ஒருவனுக்கு மிகுதியாகிவிடும் என்கிறார் அவர். சரியான அளவு அவரவரைப் பொறுத்தது. அப்படியானால் பதினைந்து வயது வீரனுக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கும் ஒரே மலையைப் பரீட்சையாக வைத்ததே ஆராயத்தக்கது. வலியவர்களுக்கு வேறொரு நாள், வேறொரு பாதை அமைக்கலாம். போதிய பெரியவர்கள் உடனிருந்தால், புறப்படும் முன்பே இரு குழுக்களாகத் திட்டமிட்டுப் பிரியலாம். அது கைவிடுதல் ஆகாது. ஏனெனில் அங்கே யாரும் யாரையும் நம்பவைத்து விட்டுச் செல்வதில்லை. மலையில் நின்றுகொண்டு, களைப்பில், ஒருவனைக் கழித்துவிட்டு மற்றவர்கள் பிரிவதுதான் தவறு.

இதிலிருந்து ஒரு பெரிய உண்மை புலப்படுகிறது. நீதி மலையின்மீது தொடங்குவதில்லை. புறப்படும் முன்பே தொடங்குகிறது. யார் யார் வருகிறார்கள், யாருடைய பையில் எவ்வளவு சுமை, யார் முன்னே நடப்பது, எப்போது திரும்புவது, எத்தனை பெரியவர்கள் உடன் வருவது ஆகிய முடிவுகளில்தான் அறம் வாழ்கிறது. அவற்றைக் கவனியாமல் விட்டுவிட்டு, பிறகு சிறுவர்களிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது பெரியவர்களுக்கு அழகன்று.

மேலும், வலியவனின் ஆற்றல் அன்று உண்மையில் வீணானதா? ஒருவனைத் தாங்கிக்கொண்டு படிகளில் இறங்குவது, தனியே படியேறுவதைவிடக் கடினம். ஒவ்வோர் அடியிலும் மற்றொருவனின் மூச்சைக் கவனித்து நடக்க வேண்டும். வேகமாக நடக்கத் தெரிந்தவனுக்கு மெதுவாக நடப்பது ஒரு புதிய பயிற்சி. அதற்கு வேண்டிய தசை உடலில் இல்லை, மனத்தில் இருக்கிறது.

அன்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் கடைசியில் வருபவர் ஒருவர் இருக்கிறார். முதுமையால் தளர்ந்த தந்தையாக இருக்கலாம்; பாடம் சற்றுத் தாமதமாகப் புரியும் குழந்தையாக இருக்கலாம்; நோயுற்ற சகோதரியாக இருக்கலாம். அவர்களுக்காகக் காத்திருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்த கணமே நாம் எழுந்து நடந்துவிடுகிறோமா, அல்லது அவர்களும் சிறிது அமர்ந்து இளைப்பாற விடுகிறோமா என்று எண்ணிப் பார்ப்போம். அவர்களை வரிசையின் முன்னே நடக்கவிட்டு, அவர்களுடைய சுமையில் ஒரு பங்கை நம் தோளில் மாற்றிக்கொண்டு, அவர்களுடைய வேகத்தில் ஒரு நாளேனும் நடந்து பார்ப்போம்.